புரொஸ்ரேற் புற்றுநோயும் ஒரு சி.ஆர் கொப்பியும்

புரொஸ்ரேற் என்பது ஆண்களின் சலப்பைக்கு (சிறுநீர்ப்பைக்கு) கீழே இருக்கும் சுரப்பி. அதில் வரும் புற்றுநோய் பெரும்பாலும் அவசரப்படாத நோய். பத்து, பதினைந்து வருடம் அதைச் சுமந்தபடியே வயல் செய்தவர்களும் கடை நடத்தியவர்களும் இருக்கிறார்கள். அதனாலேயே சிகிச்சையைவிடப் பின்தொடர்தல்தான் இதில் நீண்ட வேலை. சத்திரசிகிச்சை ஒரு நாளில் முடியும், கதிர்ச் சிகிச்சை சில வாரத்தில் முடியும். இரத்தம் கொடுப்பதும் ரிப்போட் எடுப்பதும் கிளினிக் போவதும் சாகும்வரை தொடரும்.

வன்னியில் இருப்பவருக்கு இதில் தனியான தொல்லை ஒன்று உண்டு. இரத்தம் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ எடுபடும். சத்திரசிகிச்சை யாழ்ப்பாணத்தில் நடந்திருக்கும். கதிர் தெல்லிப்பழையில், சிலருக்கு மகரகமவில். ஒவ்வோரிடத்திலும் வேறு கிளினிக் இலக்கம், வேறு கோப்பு. ஓரிடத்துக் கோப்பு மற்ற இடத்துக்கு வராது. துணுக்காயிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ பஸ் ஏறுகிறவரோடு கூடப் போவது ஒரு சொப்பிங் பாக்கும் அதற்குள் மடங்கிக் கிடக்கும் துண்டுகளும்தான். புதிதாக வந்த டொக்டர் அந்தத் துண்டுகளை விரித்து அடுக்கி முடிக்கும்போது பின்னால் எழுபது பேர் நிற்பார்கள்.

ஆகவே முதலில் வாங்கவேண்டியது ஒரு சி.ஆர் கொப்பி. முதல் பக்கத்தில் நோய் கண்டபோது இருந்த பி.எஸ்.ஏ (இந்தச் சுரப்பி இரத்தத்தில் விடும் புரதத்தின் அளவு), பயொப்சி எடுத்த, அதாவது சோதிக்கத் துண்டு வெட்டிய திகதி, கிளீசன் எண் (கலங்கள் எவ்வளவு கெட்டவை என்று காட்டுவது), நோய் எங்கே வரை போயிருந்தது என்பவற்றை எழுதுங்கள். கிளீசனை 7 என்று மட்டும் எழுதாதீர்கள். 3+4 என்பதும் 4+3 என்பதும் கூட்டினால் ஒன்றுதான், குணத்தில் ஒன்றல்ல. பின்னதில் கெட்ட வகைக் கலங்கள் கூட. இரண்டாம் பக்கத்தில் ஒவ்வாத மருந்து, சீனி, பிறசர், இருதயத்துக்குக் குடிக்கும் குளிசைகள். மூன்றாம் பக்கம் முழுவதையும் உடம்பில் இருக்கும் உலோகத்துக்கு விடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறோம். நாலாம் பக்கத்திலிருந்து கோடு போட்டு, திகதி, பி.எஸ்.ஏ, ஆய்வுகூடத்தின் பெயர், கிரியற்றினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தச் சோதனை), ஈமோகுளோபின், நிறை, அன்றைக்கு என்ன சிகிச்சையில் இருந்தீர்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள். கடைசி நிரல்தான் முக்கியம். பி.எஸ்.ஏ எண்ணுக்குத் தனியாக அர்த்தமில்லை.

1.5 என்று ஒரு ரிப்போட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். புரொஸ்ரேற்றை முழுதாக எடுத்துவிட்டவருக்கு அது நோய் திரும்பியதன் அடையாளம். சுரப்பியே இல்லாதவருக்கு பி.எஸ்.ஏ ஆறு தொடக்கம் எட்டு வாரத்துக்குள் அளவுக்குத் தட்டுப்படாத நிலைக்கு இறங்கிவிட வேண்டும். பிறகு ஏறி 0.2 ஐத் தொட்டு, மறுபடி எடுத்தபோதும் அப்படியே வந்தால் நோய் திரும்பியது என்று கொள்வார்கள். கதிர் எடுத்தவருக்கு அதே 1.5 பயப்பட வேண்டிய எண்ணாக இருக்கத் தேவையில்லை. சுரப்பி உள்ளேயே இருக்கிறது. எண் மெதுவாக, ஒன்றரை வருடம், சிலருக்கு அதைவிட அதிக காலம் எடுத்து இறங்கும். இறங்கிய மிகக் குறைந்த எண்ணோடு 2 ஐக் கூட்டுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டினால்தான் திரும்பியது என்று பேச்சு. இடையில் ஒன்று, ஒன்றரை வருடமளவில் கொஞ்சம் ஏறித் தானாகவே இறங்குவதும் உண்டு. அந்த நேரம் வீட்டில் ஒரே ஒப்பாரி, அடுத்த ரிப்போட்டில் எல்லாம் சரி. ஹோர்மோன் ஊசியில் இருப்பவருக்கு 1.5 ஐ மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல இயலாது. போன முறை 40 ஆக இருந்ததா, 0.3 ஆக இருந்ததா என்பதைப் பொறுத்தது.

எண் எவ்வளவு என்பதோடு எவ்வளவு காலத்தில் இரட்டிக்கிறது என்பதும் பார்க்கப்படும். 0.2 மூன்று மாதத்தில் 0.4 ஆவது ஒரு கதை, இரண்டு வருடத்தில் 0.4 ஆவது வேறு கதை. கொப்பியில் வரிசை இல்லாவிட்டால் இதைக் கணக்கிட வழியில்லை.

வரிசை சரியாக இருக்க ஒரே ஆய்வுகூடம் வேண்டும். இயந்திரத்துக்கு இயந்திரம் எண் மாறும். ஓரிடம் 0.1 க்குக் கீழே என்று நிறுத்தும், இன்னோரிடம் 0.03 என்று எழுதும். அது ஏறியதல்ல, கூடிய நுணுக்கமாக அளந்தது. எங்கள் பக்கத்துத் தனியார் நிலையங்கள் பல இரத்தத்தை எடுத்து வெளியூர் ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிறவை. ஆகவே பெயர்ப்பலகையைப் பார்த்து எழுதாமல், ரிப்போட்டில் சோதித்த ஆய்வுகூடமாக அச்சிட்டிருக்கும் பெயரை எழுதுங்கள். சிகிச்சை முடிந்தவருக்கு மொத்த பி.எஸ்.ஏ மட்டும் போதும். 'பிறீ பி.எஸ்.ஏ' சேர்த்து எடுக்கச் சொன்னால் எதற்கு என்று கேளுங்கள், வீண்செலவு. வெறும் வயிறும் தேவையில்லை. கிளினிக் நாளுக்கு ஒரு கிழமை, பத்து நாள் முந்தியே கொடுத்துவிட்டால் ரிப்போட் கையில் இருக்கும். ரிப்போட் இல்லாமல் கிளினிக் போவது பஸ் காசுக்குக் கேடு.

நோயே இல்லாமல் எண்ணை ஏற்றுகிற காரியங்களும் உண்டு, சுரப்பி உள்ளே இருப்பவர்களுக்குக் குறிப்பாக. சலத்தில் கிருமி இருந்தால் ஏறும். சலம் அடைத்துக் குழாய் போட்டாலும் ஏறும். இரண்டுக்கும் பிறகு ஆறு வாரமாவது விட்டு எடுக்கவேண்டும், பயொப்சிக்குப் பிறகும் அப்படித்தான். இரத்தம் கொடுக்க முந்திய இரண்டு நாளும் நீண்ட சைக்கிள் ஓட்டமும் வேண்டாம், மனுசியோடு சேர்வதும் வேண்டாம். மறுபக்கம், சுரப்பி வீக்கத்துக்குக் கொடுக்கும் பினஸ்ரறைட், டியூற்றஸ்ரறைட் குளிசைகள் ஆறு மாதம், ஒரு வருடத்தில் எண்ணைப் பாதியாக்கிவிடும். 2 என்று ரிப்போட் சொன்னால் உண்மையில் 4 என்று நினைக்கவேண்டும். தலைமுடிக்கென்று விற்கும் பயோற்றின் குளிசையும் சில இயந்திரங்களில் எண்ணைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

இனி மூன்றாம் பக்கம். வேறு ஊர்களில் எழுதப்படும் புற்றுநோய்க் கைநூல்களில் இதைப் பற்றி அநேகமாக ஒரு வரிதான் இருக்கும். இங்கே ஒரு பக்கம் வேண்டும். 2009 இல் போர் முடியும்வரை இங்கே இருந்த எத்தனையோ பேரின் உடம்பில் செல்பீஸ், அதாவது வெடித்த செல்லின் துண்டு, இன்னும் இருக்கிறது. சிலருக்குச் சன்னம், சிலருக்கு எலும்பைப் பிடித்த பிளேற். நோவில்லாததால் மறந்துபோயிருப்பார்கள். எம்.ஆர்.ஐ இயந்திரம் பெரிய காந்தம். செல்பீஸ் பெரும்பாலும் இரும்பு. கண், முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் இவற்றுக்குக் கிட்ட இருந்தால் அது அசைவது ஆபத்து. தொடையில் தசைக்குள் பதினைந்து வருடம் உறைந்து கிடப்பது அவ்வளவு ஆபத்தில்லாமல் இருக்கலாம், ஆனால் முடிவு எடுக்கவேண்டியது கதிரியல் நிபுணர். ஸ்கானுக்குத் திகதி எடுக்கும்போதே சொல்லுங்கள், படுக்கையில் ஏறிய பிறகு அல்ல. முதலில் எக்ஸ்றே எடுத்து எங்கே எத்தனை என்று பார்ப்பார்கள். அந்த எக்ஸ்றேயையும் கொப்பியோடு வைத்திருங்கள், அடுத்த முறையும் கேட்பார்கள். இடுப்புக்குள் பீஸ் இருந்தால் எம்.ஆர்.ஐ படத்தில் அந்த இடம் கலங்கிப்போய் சுரப்பியே தெரியாமலும் போகலாம். அப்போது வேறு வழிதான் பார்க்கவேண்டும்.

எலும்பு ஸ்கானில் வேறொரு சிக்கல். கையில் ஊசி போட்டு, மூன்று மணித்தியாலமளவு கழித்துப் படம் எடுப்பார்கள். இடையில் நிறையத் தண்ணீர் குடித்துச் சலம் கழிக்கவேண்டும். படத்தில் எலும்பு வேலை செய்யும் இடமெல்லாம் கறுப்பாகத் தெரியும். புற்று பரவிய இடமும் கறுப்பு, மூட்டுத் தேய்வும் கறுப்பு, பழைய முறிவும் காயம் பட்ட எலும்பும் சிலவேளை கறுப்பு. வலது விலாவில் 2009 இல் காயம் என்று கொப்பியில் எழுதியிருந்தால், வாசிக்கிறவர் அந்தப் புள்ளியை வேறு கண்ணோடு பார்ப்பார். எழுதாவிட்டால் பரவிவிட்டது என்று ஒரு வரி ரிப்போட்டில் ஏறிவிடும். அதை அழிப்பது கடினம்.

கதிர்ச் சிகிச்சைக்கு வருவோம். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும். 20 தடவை நாலு வாரத்தில் முடிப்பதும் உண்டு, 37 தடவையளவில் ஏழு, எட்டு வாரம் இழுப்பதும் உண்டு. போயா நாளில் இல்லை, இயந்திரம் பழுதானால் இல்லை. விடுபட்டவை கடைசியில் சேர்க்கப்படுகின்றனவா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து ஏ35, ஏ9 என்று தினமும் போய் வருவது உடம்புக்குக் கட்டாது. தெல்லிப்பழைக்குக் கிட்ட இனசனம் யாராவது இருந்தால் வெட்கத்தை விட்டுப் போய்த் தங்குங்கள்.

கதிரில் பிழைப்பது பெரும்பாலும் சலப்பையில்தான். சலப்பை நிறைந்து, மலக்குடல் வெறுமையாக இருக்கவேண்டும். நிறைந்த சலப்பை குடலை மேலே தூக்கிக் கதிருக்கு வெளியே வைத்திருக்கும். வெறுமையான மலக்குடல் சுரப்பியை அசையாமல் விடும். சலம் முழுக்கக் கழித்துவிட்டு, அவர்கள் சொன்ன அளவு தண்ணீரை, பொதுவாக 350 முதல் 500 மில்லிலீற்றர் வரை, குடித்துவிட்டு அரை மணித்தியாலம் தொடக்கம் ஒரு மணித்தியாலம் காத்திருக்கவேண்டும். தூரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர் வழியில் சலம் வந்துவிடும் என்ற பயத்தில் காலையிலிருந்து ஒரு மிடறும் குடிக்காமல் வருவார். உடம்பு வற்றிப்போய் இருக்கும். அங்கே குடிக்கும் அரை லீற்றரையும் வற்றிய உடம்பு இழுத்துவிடும், சலப்பைக்குப் போகாது. ஒரு மணித்தியாலம் கழித்தும் சலப்பை பாதிதான். 'அண்ணை, இன்னும் நிறையேல்லை' என்று திருப்பி அனுப்புவார்கள். அவரோ 'இவங்கள் சும்மா அலைக்கழிக்கிறாங்கள்' என்று புறுபுறுப்பார். முந்தின நாள் பின்னேரத்திலிருந்தே தண்ணீர் குடித்து வந்தால் இந்தப் பிரச்சினை இல்லை. பஸ் முறிகண்டியில் நிற்கும்போது இறங்கிக் கழித்துக்கொள்ளலாம், ரயிலில் கழிவறை இருக்கிறது. அளவு கூடுவதைவிட ஒவ்வொரு நாளும் ஒரே அளவாக இருப்பதுதான் தேவை. அந்த வாரங்களில் பயறு, கடலை, கோவா, பலாக்காய் குறையுங்கள். வயிற்றில் வாய்வு நிறைந்தாலும் சுரப்பி இடம் மாறும். தோலில் போட்ட அடையாளத்தைத் தேய்த்துக் குளித்து அழித்துவிடாதீர்கள்.

கதிர் முடிந்து ஆறு மாதத்திலோ இரண்டு வருடத்திலோ மலத்தோடு இரத்தம் வரலாம். உடனே மூலம் என்று நாட்டு மருந்துக்குப் போகாமல் கிளினிக்கில் சொல்லுங்கள். குழாய் விட்டுப் பார்க்கிற டொக்டரிடம் 'இடுப்புக்குக் கதிர் எடுத்தனான்' என்பதை முதலிலேயே சொல்லவேண்டும். கதிர் பட்ட மலக்குடலின் முன்பக்கச் சுவரிலிருந்து துண்டு வெட்டினால் ஆறாப் புண்ணாகும் அபாயம் உண்டு.

ஹோர்மோன் சிகிச்சை என்பது ஆண் ஹோர்மோனை நிறுத்துவது. அதை ஊசியாலும் செய்யலாம், விதையை எடுத்தும் செய்யலாம். கோசெரெலின் 3.6 மில்லிகிராம் 28 நாளுக்கு ஒருமுறை, 10.8 மில்லிகிராம் 12 வாரத்துக்கு ஒருமுறை. அது திரவமல்ல, அரிசிமணி போன்ற ஒரு துகள். தொப்புளுக்குக் கீழே தோலுக்குள் தடித்த ஊசியால் செலுத்துவார்கள். ஊசியில் சின்ன சாளரம் இருக்கும், அதற்குள் துகள் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போடுவது. மற்ற ஊசிபோலக் காற்றை வெளியேற்றப் பார்த்தால் துகள் இடம் மாறிவிடும். இரத்தம் உறையாமலிருக்க வாவரின், குளோபிடோகிறெல் எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லவேண்டும். ஊசியை வெளியில் வாங்கி வருவதென்றால் பெட்டியில் எழுதிய வெப்பநிலையைப் பாருங்கள். கோசெரெலின் 25 பாகைக்குக் கீழ், வேறு சில ஊசிகள் குளிர்ப்பெட்டியில் 2 தொடக்கம் 8 பாகை. சித்திரை வெயிலில் மோட்டச்சைக்கிள் பெட்டிக்குள் வைத்துப் பரந்தனிலிருந்து விசுவமடு கொண்டுபோவது காசைக் கரைப்பது. ஐஸ் பெட்டியில் வையுங்கள், ஆனால் ஐஸ் நேரே தொடாமல் துணி சுற்றி.

முதல் ஊசி போட்ட ஒன்றிரண்டு வாரம் ஹோர்மோன் இறங்குமுன் ஏறும். முள்ளந்தண்டில் நோய் இருப்பவருக்கு அந்த ஏற்றம் காலைப் பாதிக்கலாம், சலத்தை அடைக்கலாம். அதற்காகத்தான் பைகலுற்றமைட் 50 மில்லிகிராம் குளிசை ஊசிக்குச் சில நாள் முந்தித் தொடங்கி மூன்று, நாலு வாரம் கொடுப்பது. குளிசை தராமல் ஊசி மட்டும் தந்தால் கேட்கத் தயங்காதீர்கள்.

விதையெடுப்பைப் பற்றி ஆம்பிளைகள் வாய்திறக்க மாட்டார்கள். ஆனால் நோய் பரவி, வாழ்நாள் முழுக்க ஊசி தேவை என்றாகிவிட்ட ஒருவர், இரண்டு பஸ் மாறி வரவேண்டிய கிராமத்தில் இருந்தால், எங்கள் கணிப்பில் அது கௌரவமான, நல்ல தெரிவு. சின்ன சத்திரசிகிச்சை. ஒரு நாளுக்குள் ஹோர்மோன் இறங்கிவிடும், முதல் ஏற்றம் கிடையாது, ஊசித் தட்டுப்பாடு வந்தாலும் கவலையில்லை. உறையை விட்டு உள்ளே இருக்கும் திசுவை மட்டும் எடுக்கும் முறையும் உண்டு, பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. கதிரோடு சேர்த்து ஆறு மாதமோ இரண்டு, மூன்று வருடமோ மட்டும் ஹோர்மோன் தேவைப்படுபவருக்கு இது பொருந்தாது. எடுத்தது திரும்ப வராது.

எந்த வழியானாலும் உடம்பு கொதித்து வேர்க்கும், சதை கரைந்து கொழுப்பு ஏறும், சீனி ஏறும், எலும்பு மெலியும். குரக்கன், தயிர், முருங்கையிலை, முள்ளோடு தின்னும் சின்ன மீன் நல்லது. கருவாட்டு நெத்தலி உப்பு, பிறசர் உள்ளவருக்கு ஆகாது. நடையோடு பாரம் தூக்கும் வேலையும் வேண்டும். தண்ணீர் நிறைத்த 1 லீற்றர் போத்தல் இரண்டு போதும் தொடங்குவதற்கு.

பி.எஸ்.ஏ ஏறிக்கொண்டே போனால் ஆண் ஹோர்மோன் அளவையும் பார்க்கவேண்டும். அது டெசிலீற்றருக்கு 50 நனோகிராமுக்குக் கீழே இருந்தும் எண் ஏறினால்தான் ஊசிக்கு நோய் அடங்கவில்லை என்று பொருள். ஹோர்மோனே இறங்காமல் இருந்தால் ஊசி பிந்தியதா, வெயிலில் கெட்டதா என்று முதலில் தேடவேண்டும்.

அபிறற்றெரோன் என்ற, ஆண் ஹோர்மோனை இன்னும் அடக்கும் மருந்து வழக்கமாக 250 மில்லிகிராம் குளிசை நாலு, ஒரே தடவையில், வெறும் வயிற்றில். சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு, அடுத்த சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முந்தி. கொழுப்புச் சாப்பாட்டோடு எடுத்தால் பல மடங்கு உடம்பில் ஏறிவிடும். விடியற்காலை ஐந்து மணிக்கு எழும்புகிற எங்கள் சனத்துக்கு இது சுலபம்: எழும்பியதும் தண்ணீரோடு குளிசை, ஆறரைக்குச் சாப்பாடு. பால்தேத்தண்ணியும் சாப்பாடுதான். சில டொக்டர்மார் குறைந்த அளவைச் சாப்பாட்டோடு தருவதும் உண்டு, அது அவர்கள் கணக்கு, நீங்களாகச் செய்வதல்ல. கூடத் தரும் பிரெட்னிசொலோனைச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுங்கள், திடீரென்று நிறுத்தாதீர்கள். பிறசரைப் பக்கத்துப் பிரதேச வைத்தியசாலையில் வாரம் ஒருமுறை பார்க்கலாம். பொற்றாசியமும் ஈரல் சோதனையும் முதல் மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கொருமுறை வேண்டும். பிள்ளைத்தாச்சியான மகளோ மருமகளோ இந்தக் குளிசையை வெறுங்கையால் தொடக்கூடாது.

டொசற்றக்செல் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றுகிறவர் வீட்டில் வெப்பமானி கட்டாயம். ஏற்றி ஒரு கிழமையளவில் வெள்ளைக் கலங்கள் விழும். 38 பாகை காய்ச்சல் என்றால் இரவானாலும் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். பனடோல் போட்டுக் காய்ச்சலை மறைத்துவிட்டுக் காலைவரை பார்ப்பதுதான் உயிருக்கு வினை. மாரியில் வீட்டார் டெங்குவோ எலிக்காய்ச்சலோ என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள். அதுவும் இருக்கலாம், எல்லாவற்றுக்கும் போகவேண்டிய இடம் ஒன்றுதான். போனதும் 'புற்றுநோய் மருந்து ஏத்தினவர்' என்பதை முதலில் சொல்லுங்கள். காலபோகத்தில் சேற்றுக்குள் இறங்குவதை அந்த மாதங்களில் வேறு ஆளிடம் விடுங்கள்.

கிரியற்றினினை நாங்கள் பி.எஸ்.ஏக்குச் சமமாக வைப்போம். வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளில் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் முன்பே உண்டு. அதற்கு மேல் இந்த நோய் சலவழியை அடைக்கலாம். அதற்கும் மேல் நாரிநோவுக்கென்று கடையில் வாங்கும் டைக்குளோபினாக். கிரியற்றினின் ஏறினால் வயிற்று ஸ்கான் எடுத்து அடைப்பு இருக்கிறதா பார்க்கவேண்டும். எலும்புக்குப் போடும் சொலெட்றொனிக் அசிட் 4 மில்லிகிராம் ஊசிக்கும் ஒவ்வொரு முறையும் கிரியற்றினின் வேண்டும். அந்த ஊசி தொடங்குமுன் ஆடுகிற பல்லைப் பிடுங்கி ஆறவிடுங்கள். தொடங்கிய பிறகு பிடுங்கினால் தாடையெலும்பு ஆறாமல் வெளியே தெரிய வரலாம். வெற்றிலை போடுகிறவர்களுக்கு முரசு முன்பே கெட்டிருக்கும், அவர்கள் இதை இரட்டிப்பாகக் கவனிக்கவேண்டும்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு சலம் கசிவது மாதக்கணக்கில் இருக்கும், பலருக்கு ஒரு வருடத்துக்குள் குறையும். காற்றை அடக்குவதுபோலச் சுருக்கி பத்துச் செக்கன் பிடித்து விடுவது, பத்துத் தடவை, நாளுக்கு மூன்று நேரம். தேத்தண்ணியைக் குறையுங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள். ஆண்மைக் குறைவுக்குக் குளிசை உண்டு, கேட்கலாம். நெஞ்சுநோவுக்கு நாக்கின் கீழ் வைக்கும் குளிசை எடுப்பவர் மட்டும் அதைத் தொடவே கூடாது. தம்பிமாருக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் இந்த நோய் வரும் வாய்ப்புக் கூட. 45 வயதிலிருந்து பி.எஸ்.ஏ பார்ப்பது பற்றி அவர்கள் டொக்டரோடு கதைக்கலாம்.

கொப்பியின் பின்மட்டையில் ஒன்றை வீட்டார் கண்ணில் படும்படி பெரிதாக எழுதுங்கள். நோய் எலும்புக்குப் போனவருக்குப் புதிதாக முதுகுநோ, படுத்தால் கூடுவது, இருமினால் குத்துவது, நெஞ்சையோ வயிற்றையோ பட்டி கட்டினதுபோல இறுக்குவது. கால் சோர்வது, மரப்பது. சலமோ மலமோ போகாமல் நிற்பது. இவற்றில் ஏதாவது வந்தால் முள்ளந்தண்டு நாண் நெரிபடுகிறது என்று கொள்ளுங்கள். எண்ணெய் தடவுவதற்கோ அடுத்த கிளினிக் நாளுக்கோ நேரமில்லை. நடந்து போனவர் நடந்து வருவார், கால் விழுந்த பிறகு போனவருக்குப் பெரும்பாலும் கால் திரும்புவதில்லை. 1990 க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம். ஆளை நிமிர்த்தி இருத்தாமல் படுக்கவைத்துக் கொண்டுபோங்கள். அவசரப் பிரிவில் 'நாரிநோ' என்று சொன்னால் வரிசையில் விடுவார்கள். 'புரொஸ்ரேற் புற்றுநோய், எலும்பில இருக்கு, இண்டைக்குக் காலையிலயிருந்து கால் இழுக்குது' என்று சொல்லிக் கொப்பியை நீட்டுங்கள், மூன்றாம் பக்கத்தைத் திறந்து. எம்.ஆர்.ஐக்கு அனுப்புவதற்கு முன் அவர்கள் கேட்கப்போவது அதைத்தான்.